பெட்டித் தொட்டியில் புதுப் பூச்செடி நடும் முன், அடியைப் பாருங்கள்

இரண்டு வருடம் தொடர்ந்து, வாசலில் இருக்கும் என் பெட்டித் தொட்டிகளில் வைத்த பெட்டூனியாக்கள் மூன்றாவது வாரமே மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. காரணம் பிடிபட்ட பிறகு இந்த வசந்தத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய மண்

பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, மண்ணை அடிவரை கிளறி வேர்த்துண்டுகளைப் பொறுக்குங்கள். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் வேரைத் தின்பவை, விடாமல் எடுங்கள். இதற்கு மூன்று பல் உள்ள கைக்கொத்துதான் நல்லது; கரண்டி போன்ற கருவி வேரை வெட்டி மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். முந்தைய செடி நோய் வந்து செத்திருந்தால் மட்டும் மண்ணை முழுதாக மாற்றுங்கள். இல்லையென்றால் 2 பங்கு பழைய மண்ணுக்கு 1 பங்கு மண்புழு உரம் போதும்.

2. அடிப்பகுதி

நான் தவறியது இங்கேதான். நீர் நன்றாக வடியும் என்று நம்பி, அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி பரப்பியிருந்தேன். நடப்பதோ நேர் எதிர். மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரைப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடுக்குகள் உள்ள ஜல்லி வந்தால், மேலே மண் சொதசொதவென்று ஊறும்வரை நீர் அதற்குள் இறங்காது. ஈரப் பஞ்சைக் கல் குவியல்மேல் வைத்துப் பாருங்கள், பஞ்சு ஈரமாகவே இருக்கும். ஆக, ஜல்லி போட்டால் அந்த ஈர மண் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. என் செடிகளின் வேர் அழுகியது அதனால்தான்.

ஜல்லியை எடுத்துவிட்டு அடிவரை மண்ணையே நிரப்புங்கள். துளைகள் அடைத்திருந்தால் குத்தித் திறந்து, மேலே ஒரு துண்டு வலை போடுங்கள். பெட்டியைச் செங்கல் மீது தூக்கி வைத்தால் நீர் தடையில்லாமல் வெளியேறும்.

3. நடுவது

உறைபனி விழும் இடமென்றால் அது நின்ற பிறகே நடுங்கள். நிழற்குடிலில் வளர்ந்த நாற்றை 7 முதல் 10 நாள் வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். நாற்றுத் தொட்டியை வாளி நீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுங்கள். நாற்றோடு வரும் மண்கட்டியைச் சுற்றி வேர் பின்னியிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். ஜின்னியாவுக்கு மட்டும் இது வேண்டாம், வேரைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது. நாற்று முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், செடிக்குச் செடி சுமார் 20 செ.மீ. இடைவெளி. விளிம்பில் 3 செ.மீ. காலியாக விடுங்கள். அப்புறம் பூவாளியால், அடித்துளை வழியே நீர் வரும்வரை ஊற்றுங்கள். குழாய் வேண்டாம், அது புது மண்ணைக் குழிபறித்துவிடும்.

பின்சேர்க்கை: "ஊற்றிய நீர் உடனே கீழே வந்துவிடுகிறது, செடியோ வாடுகிறது" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தென்னை நார் கலந்த மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிப் பெட்டியின் ஓரத்தை விட்டு விலகும். நீர் அந்த இடைவெளி வழியாகவே ஓடிவிடும். கொஞ்சம் ஊற்றி, 10 நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணுவரை ஈரம் தெரிந்தால் சரி.