பழப் பான்கேக் ஏன் நிறம் மங்குகிறது, நடுவில் ஏன் வேகவில்லை?

கோடை விடுமுறைக் காலைகளில் தர்பூசணித் துண்டு போலவும் மாம்பழம் போலவும் பான்கேக் சுடலாம் என்று இறங்கினால் அடிக்கடி நடப்பது இதுதான்: கிண்ணத்தில் பளிச்சென்று இருந்த மாவு கல்லில் விழுந்ததும் பழுப்பாகும். அடி கருகும், நடு கொழகொழவென்று நிற்கும். அநேகமாக எல்லாக் கோளாறும் பழத்தில் உள்ள தண்ணீரையும் புளிப்பையும் கணக்கில் எடுக்காததால் வருபவை.

முதலில் அளவு. 1 கப் மைதா (சுமார் 125 கிராம்), ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 1 முட்டை, முக்கால் கப் பால், ஒன்றரை டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். உள்ளங்கை அகலத்தில் எட்டு வரும். பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்றும் போடலாம். நிறம் சற்று மங்கும். கேழ்வரகு மாவில் எந்தப் பழ நிறமும் எடுக்காது.

இந்த அளவோடு கூடுதலாக அரை கப் மாம்பழக் கூழையும் ஊற்றுவது பெரிய தவறு. மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கூழ் அரை கப் என்றால் பாலைக் கால் கப்பில் தொடங்கி, பிறகு கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். இட்லி மாவுப் பதம் சரி, தோசை மாவுப் பதம் வந்துவிட்டால் பரவி ஓடிவிடும். பங்கனப்பள்ளி மசித்தாலே வழவழப்பாக வரும். நார் உள்ள மாம்பழத்தை வடிகட்டியே ஆக வேண்டும். வாழைப்பழம் 1 கப் மாவுக்கு ஒன்று போதும், இரண்டு போட்டால் எவ்வளவு நேரம் வேகவிட்டாலும் உள்ளே களி மாதிரிதான் இருக்கும். தர்பூசணிச் சாற்றை மாவில் ஊற்றுவது வீண் வேலை. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நிறமும் வராது, ருசியும் தெரியாது. அதைத் துண்டு போட்டு அப்படியே தட்டில் வையுங்கள்.

அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாக அரைத்துப் பாலில் கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசக்கும். அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. கூழை 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி நிறம். மாம்பழ மஞ்சளும் கேரட் ஆரஞ்சும் அடுப்புச் சூட்டைத் தாங்கும், புளிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதாக மாறாது. முதல் முறை செய்பவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பீட்ரூட் அப்படியல்ல. சமையல் சோடா அதிகமானால் அந்தச் சிவப்பு மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். வேகவைத்து அரைத்த பீட்ரூட் 1 டேபிள்ஸ்பூனுக்குக் கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் நிற்கும். கம்பம் பன்னீர் திராட்சை, நாவல்பழம் ஆகியவற்றின் ஊதா இன்னும் செல்லம் கொஞ்சும்: புளிப்பில் இளஞ்சிவப்பு, சோடாவில் சாம்பல் பச்சை. குழந்தை தட்டைத் தள்ளிவிடுவதற்கு அந்தச் சாம்பல் பச்சையே போதும். இவற்றுக்குப் பாலில் பாதியைத் தயிராக மாற்றலாம்.

பாலக்கீரைப் பச்சைக்கு நேர் எதிர். எலுமிச்சை பட்டால் அது வாடிய இலை நிறமாகும். கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து அரையுங்கள். பீட்ரூட்டுக்குப் போட்ட எலுமிச்சையைப் பழக்க தோஷத்தில் இதிலும் பிழிந்துவிடாதீர்கள். முட்டை சேர்க்காதவர்கள் கால் கப் தயிரும் கால் டீஸ்பூன் சோடாவும் போடுவார்கள். உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடையோடு நிறமும் போகும்.

கடையில் உதிரியாக விற்கும் ரோஸ் நிறப் பொடி வேண்டவே வேண்டாம். ரோடமின் பி என்ற சாயம் கலந்திருப்பது தெரியவந்துதான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது.

மாவைக் கலந்து முடித்த பிறகு மூன்றாகப் பிரித்து நிறம் சேர்ப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு கிண்ணத்தையும் மறுபடி கலக்கும்போது மாவில் இழுவை ஏறிப் பான்கேக் ரப்பர் போலாகிவிடும். பிரிப்பதை முன்னாலேயே செய்யுங்கள். உலர்ந்த பொருள்களைக் கலந்து மூன்று கிண்ணத்தில் போடுங்கள். முட்டை, பால், வெண்ணெய்க் கலவையையும் மூன்றாக்கி, நிறத்தை அந்த ஈரக் கலவையில் கரையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து சுற்று கிண்டினால் போதும். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும்.

இரும்பு தோசைக்கல்லில் நிறப் பான்கேக் சுடுவது கடினம், அது பிடித்த சூட்டை விடாது. நான்ஸ்டிக் கல் எடுத்து, சிறு தீயில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தங்கிய இடமெல்லாம் பழுப்புத் திட்டு விழும், பழச் சர்க்கரையும் சேர்ந்து சீக்கிரம் சிவக்கும். மாவை ஊற்றியதும் மூடி போடுங்கள். ஓரம் காய்ந்து, மேலே வந்த குமிழிகள் உடைந்து துளையாகவே நின்றால் திருப்பலாம். மறுபக்கம் அரை நிமிடம் போதும்.

உருவம் வரைவதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கல்லைத் தொடும் பக்கம்தான் தட்டில் மேலே தெரியும் முகம். ஆகவே முதலில் வரைவது மேலே வரும், இடது வலதாக மாறும். தர்பூசணிக்கு விதைகளைக் கடைசியில் வைத்தால் அவை அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சாஸ் பாட்டிலில் கோகோ கலந்த மாவை நிரப்பி, முதலில் கல்லில் சிறு புள்ளிகள் வையுங்கள். இருபது விநாடி கழித்து அவற்றின் மேல் பீட்ரூட் மாவை வட்டமாக ஊற்றுங்கள். அதைச் சுற்றி ஒட்டினாற்போல் வெறும் மாவால் மெல்லிய வளையம், அதற்கும் வெளியே பாலக்கீரை மாவு வளையம். வெந்ததும் நான்காக வெட்டினால் நான்கு தர்பூசணித் துண்டுகள். பாட்டில் மூக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும், மாவை வடிகட்டியும் ஊற்றுங்கள். இல்லையென்றால் பாதியில் அடைத்துக்கொண்டு, அழுத்தியதும் பீய்ச்சி அடிக்கும்.

பழத் துண்டுகளை மாவில் கலந்து வைக்காதீர்கள், நீர் விட்டு மாவு இளகிவிடும். அரை சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, துணியில் ஒற்றி, மாவை ஊற்றிய பிறகு மேலே தூவுங்கள். நேந்திரம் துண்டு குலையாமல் நிற்கும். நுங்கு வேண்டுமானால் பரிமாறும்போது மட்டும்.

தோசை மாவு நினைப்பில் இரவே கரைத்து வைப்பதும் தவறு. பேக்கிங் பவுடரின் வேகம் விடிவதற்குள் தீர்ந்துவிடும். முட்டையும் பாலும் கலந்த மாவு மே மாத வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. உலர்ந்த பொருள்களை மட்டும் இரவே அளந்து வையுங்கள். பழக் கூழை ஐஸ் தட்டில் உறையவைத்தால் காலையில் வேண்டிய கட்டிகளை எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, இரண்டு வயது வரை சர்க்கரையையும் விட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் திராட்சையை முழுதாக வைக்காமல் விதை நீக்கி நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சுட்டதைச் சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் நனைந்து, ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டும். துணி விரித்துத் தனித்தனியாக ஆறவைத்த பிறகு டப்பாவில் போடலாம்.