பாரசீகப் பயண நூல்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பாத்திரம் கழுவி முடித்த பிறகு நான் தினமும் செய்வது இதுதான்: பாரசீகம், அதாவது இன்றைய ஈரான், போய்வந்த பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களின் பயண நூல்களைப் படிப்பது.

முதலில் ஜான் ஃபிரையரை எடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். சென்னையைப் பார்த்துவிட்டு நம் பம்பாய்க்கு வந்து, 1677-இல் பாரசீகம் போனவர். நமக்குத் தெரிந்த ஊரை அவர் எப்படி எழுதுகிறார் என்று முதலில் பாருங்கள், அவருடைய பார்வை பிடிபடும். அப்புறம் தெரியாத ஊருக்கு அவரோடு போகலாம்.

பழைய அச்சுக்கு மிரள வேண்டாம். சொல்லின் நடுவே வரும் 'எஸ்', 'எஃப்' போல நீண்டிருக்கும். 'பெர்சியா' கண்ணுக்குப் 'பெர்ஃபியா'தான். குறுக்குக்கோடு இடப்பக்கம் மட்டும் துருத்தினால் அது 'எஸ்'. பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

நோட்டில் இரண்டு ஆண்டுகளைக் குறியுங்கள்: பார்த்தது, அச்சானது. ஃபிரையரின் புத்தகம் வந்தது 1698-இல். இவ்வளவு இடைவெளியில் பிறர் எழுதியதும் உள்ளே கலந்திருக்கலாம்.

தேதியும் கவனம். அன்றைய ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டி, பாரசீகம் போன ரோம்காரர் பியெத்ரோ தெல்லா வல்லே புதிய கிரிகோரியன் நாட்காட்டி. 10 நாள் வித்தியாசம் வரும்.

எழுதியவரின் வாழ்க்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். பாரசீகம் போன பிரெஞ்சுக்காரர் ஷார்டன் நகை வியாபாரி, கல்லும் விலையும் அவருக்குத் தெரியும். தெல்லா வல்லேயின் மனைவி மானி 1621-இல் பாரசீகத்தில் இறந்தார். பதப்படுத்திய உடலை இந்தியா வழியாக ரோம் வரை கொண்டுபோனார் அவர். மானி இறப்பதற்கு முன் எழுதியதையும் பின் எழுதியதையும் தனித்தனியே படியுங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.