மேக் ஆப் ஸ்டோர் செயலியில் பயனர் விருப்பங்களைச் சேமிப்பது எப்படி?

புதிதாக மேக் செயலி எழுதுபவர்கள் பலர், பயனரின் விருப்பங்களைச் சேமிக்க ஹோம் ஃபோல்டரில் தாங்களே ஒரு ஃபைலை உருவாக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆப் ஸ்டோருக்குப் போகும் செயலி சாண்ட்பாக்ஸுக்குள்தான், அதாவது அனுமதியின்றி வெளியே உள்ள ஃபைல்களைத் தொட முடியாத அடைப்புக்குள்தான், இயங்க வேண்டும். 2012 ஜூனிலிருந்து இதுதான் விதி. அங்கே அந்த ஃபைலை எழுத அனுமதி கிடைக்காது.

படி 1: செயலி எழுத ஆப்பிள் தரும் மென்பொருளான எக்ஸ்கோடில் டார்கெட்டின் ‘சைனிங் அண்ட் கேப்பபிலிட்டீஸ்’ பகுதிக்குப் போய் ‘ஆப் சாண்ட்பாக்ஸ்’ சேருங்கள். இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

படி 2: செயலி திறக்கும் ஒவ்வொரு முறையும் யூசர்டிஃபால்ட்ஸில் (விருப்பங்களைச் சேமிக்க ஆப்பிள் தரும் வசதி) இயல்பு மதிப்புகளை ரெஜிஸ்டர் செய்யுங்கள். இவை டிஸ்கில் எழுதப்படுவதில்லை, அதனால் ஒருமுறை செய்தால் போதாது. விட்டுவிட்டால், இதுவரை சேமிக்காத எண்ணைக் கேட்கும்போது 0 வரும். பாட்டுச் செயலியில் ஒலி அளவு 0 என்றால் பயனர் ஸ்பீக்கரைத்தான் திட்டுவார்.

படி 3: பயனர் எதையாவது மாற்றியதும் அந்த மதிப்பை யூசர்டிஃபால்ட்ஸில் வையுங்கள். செயலியின் திரைகளை ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ கொண்டு எழுதினால், அதிலுள்ள ஆப்ஸ்டோரேஜே இதைப் பார்த்துக்கொள்ளும்.

படி 4: சேமித்தது எங்கே போனது? உங்கள் லைப்ரரி ஃபோல்டரில் கன்டெய்னர்ஸ், அதற்குள் செயலியின் பண்டில் ஐடி (அதன் தனி அடையாளப் பெயர்), பிறகு டேட்டா, லைப்ரரி, பிரிஃபரன்சஸ் என்று போனால் மதிப்புகளைப் பட்டியலாக வைத்திருக்கும் ஒரு பிளிஸ்ட் ஃபைல் இருக்கும். பாருங்கள், ஆனால் கையால் திருத்தாதீர்கள். சிஎஃப்பிரெஃப்ஸ்டி என்ற பின்னணி நிரல் மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருப்பதால், உங்கள் திருத்தம் எடுபடாமல் போகலாம். சோதிக்க டெர்மினலின் ‘டிஃபால்ட்ஸ்’ கட்டளையே போதும்.

படி 5: பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பயனர் தேர்ந்தெடுத்த ஃபோல்டரின் பாதையை வெறும் எழுத்தாகச் சேமித்தால், அன்றைக்கு வேலை செய்யும். செயலியை மூடித் திறந்தால் அனுமதி போய்விடும். பாதை இருக்கும், உள்ளே நுழைய முடியாது. எனவே ஓபன் பேனல் (பயனர் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் சாளரம்) தரும் யூஆர்எல்லிலிருந்து செக்யூரிட்டி ஸ்கோப்டு புக்மார்க் (பாதையோடு அனுமதியையும் நினைவில் வைக்கும் டேட்டா) உருவாக்கி, அந்த டேட்டாவை யூசர்டிஃபால்ட்ஸில் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புக்மார்க்கை யூஆர்எல்லாக மாற்றி, அணுகலைத் தொடங்கி, வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். நிறுத்தாமல் தொடங்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் செயலியை மறுபடி திறக்கும்வரை புதிய ஃபோல்டர் எதையும் அணுக முடியாது. புக்மார்க் பழையதாகிவிட்டது என்று தகவல் வந்தால், புதிதாக ஒன்று உருவாக்கிச் சேமித்துவிடுங்கள்.

கடவுச்சொல், டோக்கன் (உள்நுழைவுக்கான ரகசியக் குறி) எதையும் யூசர்டிஃபால்ட்ஸில் வைக்க வேண்டாம். பிளிஸ்ட்டில் குறியாக்கம் கிடையாது. அவற்றுக்கு, ரகசியங்களைக் குறியாக்கி வைக்கும் கீசெயின் இருக்கிறது.