வம்சாவளியில் பாதியில் நின்றுபோன சிஸ்டரைத் தேடுவது எப்படி?

கத்தோலிக்கக் குடும்பத்தின் வம்சாவளி எழுதும்போது எப்படியும் இப்படி ஒரு இடம் வரும். அண்ணன் தம்பி எல்லோருக்கும் கல்யாணம், பிள்ளைகள் என்று பக்கம் நிறைந்திருக்கும். ஒரு பெண்ணுக்கு மட்டும் "மடத்தில் சேர்ந்தார்", அதாவது கன்னியராக, சிஸ்டராகப் போனார் என்று எழுதி நிறுத்தியிருப்பார்கள். அதற்கப்புறமும் அவர் எத்தனையோ வருடம் வாழ்ந்திருப்பார், பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார், நோயாளிகளைப் பார்த்திருப்பார். அதை அப்படியே விட எனக்கு மனம் வராது.

சிக்கல் பெயரில்தான். முன்பெல்லாம் மடத்தில் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் புதுப் பெயர் கொடுத்துவிடுவார்கள். வீட்டுப் பெயரும் துறவறப் பெயரும் ஒரே தாளில் இருப்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய கடிதங்கள், போட்டோவின் பின்பக்கம், ஜெபப் புத்தகத்துக்குள் செருகிய நினைவு அட்டைகள். என் பாட்டியின் தங்கை அகப்பட்டது அப்படி ஒரு அட்டையில்தான்: உள்ளங்கை அளவு, கறுப்பு ஓரம், துறவறப் பெயர், இறந்த தேதி, கீழே "வார்த்தைப்பாட்டின் 41-ம் ஆண்டில்". வார்த்தைப்பாடு என்பது துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. 41-ம் ஆண்டு நடக்கிறது என்றால் 40 முடிந்திருக்கிறது. இறந்த தேதியிலிருந்து பின்னால் எண்ணினால், 40 வருடத்துக்கும் 41 வருடத்துக்கும் இடையில் வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் சபையைக் குறிக்கும் எழுத்துகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.சி.டி., ஓ.கார்ம். இரண்டும் கார்மேல்தான், ஆனால் வேறு வேறு சபை.

2. அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு. அவர் பிறந்த ஊரின் பங்குக் கோயிலில் கேளுங்கள். பதிவு லத்தீனில் இருக்கலாம், பெயரும் லத்தீன் வடிவத்தில் இருக்கும். ஓரக்குறிப்பைக் கட்டாயம் பாருங்கள். 1983-ம் ஆண்டு திருச்சபைச் சட்டப்படி நித்திய வார்த்தைப்பாட்டை (வாழ்நாள் முழுவதற்கும் கொடுப்பது) அங்கே குறிக்க வேண்டும். அதற்கு முந்தைய 1917 சட்டம் 'ஆடம்பர வார்த்தைப்பாடு' (ஆங்கிலத்தில் solemn vows) எனப்படும் வகையை மட்டுமே குறிக்கச் சொன்னது, பள்ளி, மருத்துவமனை நடத்திய சபைகளில் பெரும்பாலும் அந்த வகை கிடையாது. ஆகவே ஓரம் காலியாக இருந்தால் "இவர் கன்னியராகவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அதே பதிவேட்டில் அண்ணன் அக்கா பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் புரட்டுங்கள். 1917 சட்டத்தின்படி, மடத்தில் சேர்ந்து நவதுறவியான (வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியில் இருக்கும்) பெண் அவசியமும் தலைவியின் அனுமதியும் இல்லாமல் ஞானத்தாயாக நிற்கக் கூடாது. அவர் கடைசியாக ஞானத்தாயாக நின்ற தேதி வரை பெரும்பாலும் வீட்டில்தான் இருந்திருப்பார்.

3. சபையின் காப்பகத்துக்கு எழுதுங்கள். வீட்டுப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த வருடம், தெரிந்தால் துறவறப் பெயர், நீங்கள் என்ன உறவு என்பது, இவ்வளவு போதும். சேர்ந்த தேதி, முதல் வார்த்தைப்பாடு, நித்திய வார்த்தைப்பாடு, வேலை செய்த இல்லங்கள், இறந்த தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள், "எல்லாத் தகவலும் வேண்டும்" என்று கேட்டால் பதில் எழுதுபவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. சபை இன்னொரு சபையோடு இணைந்திருந்தால் ஏடுகளும் அங்கே போயிருக்கும்.

4. இரண்டு பெயரிலும் தேடுங்கள். கல்லறையில் துறவறப் பெயர் மட்டும் இருக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம் பல சிஸ்டர்கள் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினார்கள், அதனால் ஒரே ஆள் முன்பாதியில் ஒரு பெயரிலும் பின்பாதியில் வேறு பெயரிலும் வருவார். இடையில் மடத்தை விட்டு வெளியே வந்தவர்களும் உண்டு. ஏட்டில் திடீரென்று தடம் நின்றால் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள்.

கிடைத்ததும் வம்சாவளியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் பெயர் வரும் இடத்தில், இவருக்கு அவர் இருந்த மடங்களை வருட வரிசையில் எழுதுங்கள்.