பழைய பந்தய மிதிவண்டியின் பாட்டம் பிராக்கெட்டை மாற்றும் முறை

காவிரிப் படுகையில் வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் ஓடும் மிதிவண்டியின் பாட்டம் பிராக்கெட்டுக்குள், அதாவது பெடல்களின் அச்சு சுழலும் பகுதிக்குள், வண்டல் சேறு புகுந்து, கிரீஸோடு கலந்து, பால்ரஸ் குண்டுகளை மெல்ல அரைத்துவிடுகிறது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பிரித்துப் பார்த்துவிடுவதே நல்லது.

முதலில், கிராங்கை அச்சோடு பிணைக்கும் கோட்டர் பின்னின் நட்டை மரையின் முனையோடு சமமாகும் வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, உறுதியான ஓர் அடியில் பின்னை இறக்க வேண்டும்; முட்டில்லாமல் அடித்தால் அடியின் வலு குண்டுகளின் வழியே, அவை உருளும் கிண்ணமான கப்பில் இறங்கிப் பள்ளம் விழுந்துவிடும்.

பின்னர் இடப்பக்கக் கப்பைப் பூட்டி நிறுத்தும் லாக் ரிங்கையும் அந்தக் கப்பையும் கழற்றி அச்சை உருவலாம். சங்கிலிப் பக்கத்துக் கப்பில்தான் பலர் தவறுகிறார்கள். கப்புகள் திருகப்படும் சட்டக் குழாயே ஷெல்; 68 மி.மீ. அகலமுள்ள பிரிட்டிஷ் ஷெல்லில் அந்தக் கப் இடது மரை கொண்டது என்பதால் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும், 70 மி.மீ. இத்தாலிய ஷெல்லிலோ இரு பக்கமும் வலது மரையே. மரை சிதைந்தால் அருமையான சட்டமே வீணாகக்கூடும் என்பதால், அளந்து பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஷெல்லை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பக்கத்துக்கு 11 வீதம், கால் அங்குல அளவுள்ள குண்டுகளைப் புதிய கிரீஸில் பதியுங்கள். பழைய குண்டுகளை மீண்டும் போடுவதை நான் ஏற்பதில்லை. அச்சின் நீண்ட முனை சங்கிலிப் பக்கம் வர வேண்டும். அச்சு விரலால் சுற்றும்போது தடையின்றியும் ஆட்டமின்றியும் சுழலும் நிலையில் இடக் கப்பை நிறுத்தி, லாக் ரிங்கை இறுக்குங்கள்.