ஏரணச் செயற்குறிகளில் எது முதலில் பிணையும்?

நூலகத்தின் அரிய நூல் பகுதிக்குள் மாணவரோ ஆய்வாளரோ அட்டையுடன் வந்தால் மட்டுமே அனுமதி என்பது விதி என்று கொள்வோம். அதை நிரலில் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள் (|| என்பது 'அல்லது', && என்பது 'மற்றும்'):

மாணவர் || ஆய்வாளர் && அட்டை

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் && குறிக்கு || குறியைவிட முன்னுரிமை அதிகம் என்பதால், இவ்வரி மாணவர் || (ஆய்வாளர் && அட்டை) என்றே பிரிக்கப்படும்; அட்டை இல்லாத மாணவரும் உள்ளே போய்விடுவார். நாம் கருதியது (மாணவர் || ஆய்வாளர்) && அட்டை. மூன்று மதிப்புகளுக்குரிய 8 சேர்க்கைகளில் இவ்விரண்டும் வேறுபடுவது, மாணவர் உண்மையாகவும் அட்டை பொய்யாகவும் உள்ள 2 சேர்க்கைகளில் மட்டுமே. சோதனையில் அவை விடுபட்டால் பிழை கண்ணில் படாது.

எனவே நீண்ட நிபந்தனையைப் படிக்கும்போது, முதலில் 'இல்லை' எனப் பொருள்படும் ஒவ்வொரு ! குறியையும் அதன் வலப்பக்கத்து உறுப்போடு சேர்த்து அடைப்புக்குறி இடுங்கள்; அடுத்து == போன்ற ஒப்பீடுகளுக்கும், பிறகு && இணைக்கும் பகுதிகளுக்கும் இடுங்கள்; எஞ்சுவதையே || இணைக்கிறது.

! குறியில் தனிக் கவனம் வேண்டும். சி மொழியில் !வயது == 18 என்று எழுதினால் முதலில் !வயது கணிக்கப்பட்டு 0 அல்லது 1 கிடைக்கும். அது ஒருபோதும் 18 ஆகாது. பைத்தான் மொழியில் ! குறிக்கு ஈடான 'நாட்' (not) ஒப்பீட்டுக்குப் பின்னரே செயல்படுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

சி மொழியில் இதைவிட மோசமான பொறி, எண்களின் இரும இலக்கங்களை ஒவ்வொன்றாக இணைக்கும் ஒற்றை & குறிதான். கொடி & 4 == 4 என்பது கொடி & (4 == 4) ஆகிவிடும். தொடக்கக் காலச் சி மொழியில் & குறியே ஏரணப் பணியையும் செய்துவந்தது; && பின்னர் வந்தபோது, ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் உடையாதிருக்க & குறியின் தாழ்ந்த முன்னுரிமையை சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி மாற்றாமல் விட்டார். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும் அதே வரிசையைப் பின்பற்றுகின்றன.

முன்னுரிமை என்பது எது எதனோடு சேரும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். எது முதலில் கணிக்கப்படும் என்பதை அல்ல. மேலே கண்ட வரியில் மாணவர் உண்மையானால், && பகுதி கணிக்கப்படவே மாட்டாது.

கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் பாஷ் ஷெல்லில், && முதலில் சேரும் என்று கொள்ளும் இந்தப் பழக்கம் செல்லாது: கட்டளைகளை இணைக்கும் && குறிக்கும் || குறிக்கும் அங்கே சம முன்னுரிமைதான், இடமிருந்து வலமாகவே அவை சேரும்.