நாகைக் கரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு

வருஷத்துக்கு நாலு தடவையாவது போன் வந்துவிடும். திருச்சியிலிருந்து பெரியம்மா வீடு, சென்னையிலிருந்து சித்தப்பா வீடு. "திருவிழா எப்பப்பா? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடறோம்." எந்தத் திருவிழா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கடல், கூட்டம், ராட்டினம், போகும்போது கையில் ஒரு அல்வாப் பொட்டலம், இவ்வளவும் ஒரே நாளில் வேண்டும், அதுதான் கணக்கு. ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் இதை எழுதுகிறேன். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரைக்கும் உள்ள கரைக்கு இது பொருந்தும்.

முதலில் தேதி. இந்தக் கரையில் மூன்று காலண்டர் ஓடுகிறது. வேளாங்கண்ணிக்கு இங்கிலீஷ் தேதி: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், வருஷா வருஷம் அதேதான். நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் பிறைக் கணக்கு. ஜமாதுல் ஆகிர் மாதம் கொடியேறிப் பதினாலு நாள் நடக்கும், ஆனால் இங்கிலீஷ் தேதியில் பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், போன வருஷத் தேதியை நம்பி லீவு போட்டால் காலிக் கடைத்தெருவைத்தான் பார்த்துவிட்டுப் போவீர்கள். காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு ஆனிப் பௌர்ணமி, சாமி கடலாடுகிற தீர்த்தவாரிக்கு மாசி மகம், பூம்புகாருக்கு ஆடி பதினெட்டு. இதெல்லாம் தமிழ் மாதக் கணக்கு. வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் மூன்றுமே போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள்.

தேதி தெரிந்துவிட்டதா? அந்த நாளில் வராதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பத்து நாள், பதினாலு நாள் நடக்கிற விழாவில் எல்லாரும் கடைசி நாளுக்கே வந்து இடிபடுகிறார்கள். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 7 ராத்திரி பெரிய தேர். அன்றைக்குக் கைக்குழந்தையோடும் முட்டி வலிக்காரப் பாட்டியோடும் வந்தால் தேரைப் பார்க்க மாட்டீர்கள், முன்னால் நிற்கிறவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். கொடியேறிய மறுநாளிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். அன்றைக்கும் சாயங்காலம் சின்னத் தேர் உண்டு, கடையெல்லாம் உண்டு, மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்தில் நின்று கும்பிட நேரமும் உண்டு. காரில் வருகிறவர்கள் ராத்திரியில் மெதுவாக வாருங்கள். காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் வரிசை வரிசையாக ரோட்டோரத்தில் போவார்கள், சிலர் அசதியில் அங்கேயே படுத்துமிருப்பார்கள்.

கந்தூரிக்கு என் யோசனை வேறு. எல்லாரும் சந்தனம் ஊர்வலமாக வருகிற சந்தனக்கூடு ராத்திரிக்குத்தான் ஓடுவார்கள். பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் கொடி ஊர்வலத்துக்கு வாருங்கள். கப்பல் மாதிரி செய்த ரதங்கள் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஊர்வலமாகப் போகும், ரோட்டில் கப்பல் போவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் ராட்டினம் கூட இரண்டாம் பட்சம்தான். தர்காவில் ஐந்து மினாரா. எல்லாவற்றிலும் உயரமானது 131 அடி, தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. புறாக்கூட்டம் இருக்கும், பாதி நேரம் அதிலேயே ஓடிவிடும். வெளியே வந்தால் இறால் வைத்துப் பொரித்த வாடா வாங்கிச் சூடாகவே தின்னுங்கள், பார்சல் கட்டாதீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் சவசவ என்று ஆகிவிடும். அல்வா தாங்கும்.

மாங்கனி மட்டும் விதிவிலக்கு. அது அன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது வீட்டு மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் மாம்பழத்தை வீசுவார்கள், கீழே நிற்கிறவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள், பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் நிறைய. காரைக்கால் அம்மையாரின் மாம்பழக் கதையை முந்தின நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டி வந்தால் அவர்களே உங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு எச்சரிக்கை, கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிப் பைக்குள் வையுங்கள். நான் வைக்கவில்லை. பழம் நெற்றியில் பட்டுக் கண்ணாடி ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், பழத்தை வேறொரு அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார், கண்ணாடியை யாரும் சீண்டவில்லை.

இப்போது பிள்ளைகள் தொலையும் விஷயம். என் அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது. வேளாங்கண்ணிக் கூட்டத்தில் கையை உதறிவிட்டுப் போய்விட்டான். மைக்கில் சொல்லச் சொன்னோம்: "காவிச் சட்டை, காவி டவுசர், ஐந்து வயதுப் பையன்." சொன்ன பிறகுதான் சுற்றிப் பார்த்தோம், எந்தப் பக்கம் திரும்பினாலும் காவிச் சட்டை, காவி டவுசர், ஐந்து வயதுப் பையன். முக்கால் மணி நேரம் கழித்து ராட்டினத்துக்குப் பக்கத்தில் பஞ்சுமிட்டாய்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தான், அவனுக்குத் தான் தொலைந்ததே தெரியாது. அக்கா அழுது முடிக்க இன்னும் அரை மணி ஆனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கம். வேண்டுதல் உடை போட்டாலும் தலையில் கிளிப்பச்சைத் தொப்பி. காலையில் வீட்டை விட்டு இறங்கும்போதே போனில் ஒரு முழு உருவப் போட்டோ. பால்பாயிண்ட் பேனாவால் முழங்கைக்கு உள்பக்கம் போன் நம்பர், உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் போய்விடும். பெரியவர்களுக்கும் ஒரு இடம் பேசி வையுங்கள், கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் லைன் கிடைப்பதே பெரிய பாடு.

கடலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஆனால் கேட்க மாட்டார்கள். கணுக்கால் வரைக்கும் போங்கள், போதும். பூம்புகாரில் காவிரி கடலில் சேருகிற இடத்தில் அது கூட வேண்டாம், மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுப்பு இருக்கும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கல்மேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள், பாசி வழுக்கும். கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாரையாவது "அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆடி பதினெட்டுக்குப் பூம்புகார் வந்தால் ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்துவிட்டு, காப்பரிசியைத் தின்றுவிட்டு, பிள்ளைகளுக்குக் கட்டி இழுக்க ஒரு சின்னச் சப்பரம் செய்துகொடுங்கள். நாள் பூராவும் மண்ணிலேயே இழுத்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நல்லது மாசி மகம், அதுவும் திருமலைராயன்பட்டினம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்குக் கடலாட வருகிறார். அவர் மீனவர் குலத்தில் பெண் எடுத்தவர் என்பது ஐதீகம், அதனால் அங்கே கரையில் இருக்கிற மீனவர் ஊரான பட்டினச்சேரிக்காரர்களுக்கு அவர் சாமி இல்லை, மாப்பிள்ளை. மாப்பிள்ளை வருகிறார் என்றுதான் சொல்வார்கள், வருகிற மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரிதான் வரவேற்பார்கள். குரலில் பக்தியோடு கொஞ்சம் உரிமையும் இருக்கும், அதைக் கேட்பதற்காகவே வரலாம். காலையிலேயே வந்து கரையில் இடம் பிடியுங்கள், ஆளுக்கொரு குடை எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது. சுவாமி இறங்கும்போது மணலில் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், வயதானவர்களைப் பின்னால் சற்று மேடான இடத்தில் உட்காரவைத்துவிடுங்கள்.

விழா பெரும்பாலும் சாயங்காலம்தான் களைகட்டும், பகலை என்ன செய்வது? ஒரே ஒரு இடம் போங்கள். நாலு இடம் போட்டீர்கள் என்றால் காரிலேயே நாள் போய்விடும், பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுப்பார். வடக்கே என்றால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, பின்னால் நேராகக் கடல், பக்கத்திலேயே கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்றைக்குப் போய் பூட்டைப் பார்க்காதீர்கள். தெற்கே என்றால் வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை. பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மழை விட்ட பிறகு, டிசம்பர் கடைசி, ஜனவரி. வெளிமான் எப்போதும் உண்டு. போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது, பக்கத்தில் இன்றைக்கும் உப்பளம்தான். உப்பை வாரி நக்கிப் பார்க்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்கு மத்தியானம் பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுங்கள், பன்னிரண்டரைக்கு எந்த ஓட்டலிலும் இடம் இருக்காது. மீன் சாப்பிடத்தான் வருகிறோம் என்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தவிர்த்துவிடுங்கள், தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் போட்டில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஊரே அடித்துக்கொள்ளும். அப்புறம் கழிப்பறை. பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டிவிட்டு மறுநாள் தலைவலியோடு கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள், உள்ளே வந்ததும் ஒரு ரூமைப் பாதி நாளுக்காவது எடுத்துவிடுங்கள், ஆறு பேர் பங்கு போட்டால் பெரிய காசு இல்லை.

கிளம்பும்போது தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் நிற்காதீர்கள். முக்கால்வாசி சுற்று முடிந்ததும் வண்டிக்கு நடையைக் கட்டுங்கள், அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் தாண்ட ஒரு மணி நேரம். டிக்கியில் இருபது லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் வைத்திருந்து ஒவ்வொருத்தர் காலாகக் கழுவி ஏற்றுங்கள். போன தடவை சித்தப்பா வீட்டில் "வெறும் மணல்தானே" என்று அப்படியே ஏறினார்கள், மூன்று மாதம் கழித்துச் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு செத்த நண்டு வந்தது.